தேனீ வரவில்லை, வந்ததும் போய்விட்டது: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

தேனீ பற்றிக் கேட்டு வருபவர்கள் இரண்டு வகை. ஒருவர், கொடி நிறையப் பூ இருக்கிறது, காய் பிடிக்கவில்லை என்பார். இன்னொருவர், பெட்டியைத் திறந்தேன், ஒரு ஈகூட இல்லை என்பார். இருவருமே கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்வார்கள்: "செல்போன் டவர்தான் காரணமா?" டவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பசியைச் சந்தேகப்படுங்கள். அடுத்து எறும்பு, பிறகு பூச்சிமருந்து, பிறகு அடையைத் தின்னும் மெழுகு அந்து, கடைசியில்தான் நோய். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் நோய்க்கு வருவதற்கு முன்பே விடை கிடைத்துவிடும்.

கீழே பெட்டி என்று சொல்வது நியூட்டன் பெட்டியை. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910ஐ ஒட்டி நம் ஊர் ஈயின் அளவுக்கு வடிவமைத்தது. ஈ என்றால் இந்தியத் தேனீ, அதாவது மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் ஈ. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வரிசையாக வைத்திருக்கும் பெட்டிகளில் இருப்பது இதுதான். இத்தாலிய ஈ வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் விஷயம் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் தோட்டம், பிறகு பெட்டி.

பூ நிறைய இருக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது

பூசணி, வெள்ளரி, பாகல், தர்பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒன்று இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். கொடி பூக்கத் தொடங்கும் நாட்களில் ஆண் பூ மட்டுமே வரும். அது இயல்பு. யூரியா அதிகம் போட்ட கொடியிலும் கடும் வெயிலிலும் ஆண் பூவே மிஞ்சி நிற்கும். அங்கே தேனீயைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெண் பூ மலர்ந்து, இரண்டு மூன்று நாளில் அந்தக் குட்டிக் காய் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கினால் இரண்டு சாத்தியம். பறித்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும் இருந்தால், அது பழ ஈயின் வேலை. உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் வந்து சேரவில்லை. வெள்ளரி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வளைந்து நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். மகரந்தம் அரைகுறையாக விழுந்திருக்கிறது, விதை பிடித்த பக்கம் மட்டும் பருத்திருக்கிறது.

சோதனை எளிது. விடிந்ததும் போய் பூசணிப் பூ அருகே சற்று நேரம் நில்லுங்கள். பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும், அதனால் பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஈயே இல்லை என்று சொல்லக் கூடாது. ஈ உண்மையிலேயே வரவில்லை என்றால் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். நீங்கள் கையால் தொட்ட பூக்கள் மட்டும் காயாகி மற்றவை உதிர்ந்தால் நோயறிதல் முடிந்தது: உங்களுக்குத் தேவை உரமல்ல, ஈ.

ஒரு விதிவிலக்கு. சுரைக்காயின் வெள்ளைப் பூவும் புடலைப் பூவும் மாலையில் மலர்ந்து இரவில் விரிந்திருப்பவை. அவற்றுக்கு அந்துப்பூச்சிகளே முக்கியம். சுரை பிடிக்கவில்லை என்று தேனீப் பெட்டி வாங்கி வைப்பவர்கள் பெட்டிக்காரரை மட்டும் சந்தோஷப்படுத்துகிறார்கள்.

கத்தரி, தக்காளி பூத்து உதிர்கிறது

இங்கே பெட்டித் தேனீ உதவாது. கத்தரியின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் தூள் கொட்டும், அதற்குப் பூவைப் பிடித்து அதிர வைக்க வேண்டும். அந்த அதிர்வு நம் பெட்டித் தேனீக்கு வராது. உறுமிக்கொண்டு வரும் கருநிறப் பெரிய தச்சுத்தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஈயும் அதைச் செய்யும். முருங்கைப் பூவுக்கும் தச்சுத்தேனீதான் நல்ல ஆள். நம் ஊரில் அதை வண்டு என்று சொல்லி விரட்டுகிறோம். பட்டுப்போன முருங்கைக் கிளை, காய்ந்த மூங்கில் இரண்டை வேலியோரம் விட்டுவைத்தால் அதற்கு வீடு கிடைக்கும். நீலப்பட்டை ஈ மண்சுவரிலும் மேட்டு மண்ணிலும் துளையிட்டு இருக்கும். எல்லா இடத்தையும் சிமென்ட் போட்டு மெழுகிவிட்டால் அது எங்கே போகும்?

ஆனால் முதலில் பூவைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் மகரந்தக் கூம்பின் நுனியைத் தாண்டிப் பச்சை நிறச் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். சூல்முடி உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அந்தப் பூ எப்படியும் உதிரும், எந்த ஈ வந்தாலும் சரி.

சூரியகாந்தியின் நடுவில் சொத்தை விதை

விளிம்பில் விதை நன்றாக இருந்து நடுவட்டம் சப்பையாக இருந்தால் மகரந்தச் சேர்க்கை போதவில்லை என்பது முதல் சந்தேகம். பூத்த காலத்தில் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய துணியால் பூவின் முகத்தைத் தடவிக் கொடுங்கள், அல்லது இரண்டு பூக்களை முகத்தோடு முகம் லேசாக உரசுங்கள். தோட்டத்தில் பெட்டி வைத்தால் இந்த வேலை மிச்சம். போடி மலையில் ஏலத்தோட்டக்காரர்களிடம் இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஏலப்பூவின் ஆயுள் ஒரே நாள். அன்றைக்கு ஈ வராவிட்டால் அந்தப் பூவுக்குக் காய் இல்லை.

மா, நெல், வாழை விஷயத்தில் கவலை வேண்டாம். மாவுக்குத் தேனீயல்லாத சாதாரண ஈக்களே அதிகம் வேலை செய்யும், நெல்லுக்குக் காற்று போதும், நாம் தின்னும் வாழைக்கு மகரந்தமே வேண்டியதில்லை. தேனீ போனால் சோறே இல்லை என்று பயமுறுத்துபவர்களுக்கு இது பிடிக்காது. சோறு இருக்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருப்பதில் பாதி போய்விடும்.

பெட்டி காலி, ஈ ஓடிவிட்டது

உடனே யாராவது அமெரிக்காவைப் பற்றிப் பேசுவார்கள். 2006இல் அங்கே கூட்டம் கூட்டமாக ஈக்கள் காணாமல் போனது உண்மை. ஆனால் அங்கே ராணி இருந்தது, மூடியிட்ட அறைகளில் புழு இருந்தது, தேன் இருந்தது, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் திரும்பவில்லை. உங்கள் பெட்டியில் ராணியும் இல்லை, புழுவும் இல்லை, சொட்டுத் தேனும் இல்லை என்றால் இது வேறு. கூட்டமே முடிவெடுத்து மூட்டை கட்டியிருக்கிறது. இந்தியத் தேனீயின் சுபாவம் அது. இருக்கும் இடம் சரியில்லை என்று பட்டால் கிளம்பிவிடும்.

முதலில் அடையைப் பாருங்கள். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை அளவில் தொங்கும் ராணி அறைகள் இருந்து, பாதி ஈ மிஞ்சியிருந்தால் கூட்டம் பிரிந்திருக்கிறது. அது இழப்பல்ல, இனப்பெருக்கம். போன பாதியைப் பக்கத்து மரக்கிளையில் தேடுங்கள், ஓரிரு நாள் அங்கே கொத்தாகத் தொங்கக்கூடும்.

அடை சுத்தமாகக் காலி என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டிக் கால்கள் நிற்கும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா? வற்றியிருந்தாலோ, ஒரு புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டுப் பாலம் போட்டிருந்தாலோ, எறும்பு ஏறியிருக்கும். இரவில் ஏறியிருந்தால் காலையில் தடயமே இருக்காது. இன்னொன்று பசி. குமரியில் ரப்பர் இலை உதிர்த்துப் புதுத்துளிர் விடும்போது மூன்று இலைகள் சேரும் காம்பு முனையில் தேன் சுரக்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. துளிர் முற்றினால் அந்த வரவு நின்றுவிடும். ஜூனில் மழை பிடித்தால் வெளியிலும் ஒன்றும் கிடைக்காது. தேன் எடுத்த சந்தோஷத்தில் புழு வளரும் கீழ் அறையையும் வழித்து எடுத்தவர்களின் பெட்டிதான் அப்போது முதலில் காலியாகும்.

ஓடுவதற்கு முன்பே ஓடப் போவது தெரியும். மகரந்தம் சுமந்து வரும் ஈ குறையும், முட்டை நின்றுபோகும், மிஞ்சிய தேனும் குறையும். அடையில் ஈ மட்டும் இருந்து முட்டையும் இளம்புழுவும் இல்லை என்றால் அன்று மாலையே பாகு வையுங்கள். சர்க்கரையும் கொதித்து ஆறிய நீரும் சமபங்கு, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க ஈர்க்குச்சிகளைப் போட்டு, பெட்டிக்கு உள்ளே. வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். வேறு நல்ல பெட்டியில் இளம்புழு உள்ள சட்டம், அதாவது அடை கட்டிய மரச்சட்டம், ஒன்று கிடைத்தால் வையுங்கள். புழுவை விட்டுவிட்டுப் போக ஈக்கு எளிதில் மனம் வராது.

வாசலில் ஈ செத்துக் கிடக்கிறது

பத்து இருபது என்றால் விடுங்கள், கிழட்டு ஈக்களைத் தினமும் வெளியே தள்ளுவது வழக்கம். கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நாக்கு வெளியே நீண்டிருக்கிறதா? சிறகு விரிந்திருக்கிறதா? காலில் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருக்கிறதா? சாகாத ஈக்கள் நடக்க முடியாமல் நடுங்கி, ஒரே இடத்தில் சுழல்கின்றனவா? பெட்டி தூக்கினால் கனமாகவும் உள்ளே புழு நலமாகவும் இருந்து, பக்கத்துப் பெட்டிகளிலும் ஒரே நாளில் இதே காட்சி என்றால், அது மருந்து. நோய் எல்லாப் பெட்டிக்கும் ஒரே காலையில் வராது.

பசியில் சாகும் ஈ வேறு மாதிரி. அடைக் குழிக்குள் தலையை நுழைத்து, வாலை மட்டும் வெளியே காட்டி வரிசையாகச் செத்திருக்கும். பெட்டி லேசாக இருக்கும்.

மருந்து என்று உறுதியானால் அந்தக் கூட்டத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மகரந்தமும் தேனும் விஷமேறியிருக்கலாம், அந்த அடைகளை எடுத்துவிட்டுப் பாகு கொடுப்பதுதான் செய்யக்கூடியது. ஆகவே வேலை முன்கூட்டியே. மாந்தோப்பில் பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு அடிப்பது, பருத்தியில், சூரியகாந்தியில் பூ இருக்கும்போதே அடிப்பது, இவைதான் பெரிய ஆபத்து. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், குளோதியானிடின் மூன்றும் செடியின் உள்ளே ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேருபவை. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் திறந்தவெளிப் பயிருக்குப் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது. நம் உரக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும். ஈ உடனே சாகாத அளவில்கூட வழி தவறிப் பெட்டிக்குத் திரும்பாமல் போகும். அப்போது வாசலில் பிணமே இருக்காது, கூட்டம் மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போவதைவிடத் தேதி கேட்டு வைப்பது பலன் தரும். அவர் அடிக்கத்தான் போகிறார் என்றால் பூ விழுந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் மாலை, ஈ அடங்கிய பிறகு. தூவும் தூளைவிடத் தெளிக்கும் திரவம் கொஞ்சம் தேவலாம், தூள் மகரந்தத்தோடு ஒட்டிப் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: முந்தின இரவே வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மேலே ஈரச்சாக்கு போட்டு, காற்றோட்டம் வைத்து, ஒரு பகல் உள்ளேயே வைத்திருப்பது. பெட்டியை நகர்த்துவதானால் இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள். பக்கத்து வரப்புக்கு மாற்றினால் ஈ பழைய இடத்துக்கே திரும்பி, பெட்டியைக் காணாமல் சுற்றும்.

அடையில் புழு சாகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் ஒரு பொய்யான பயம். மூடிய அறைகளில் சிலவற்றின் மூடி மட்டும் கூம்பாக எழுந்து, உச்சியில் ஊசி முனையளவு துளை இருக்கும். புதியவர்கள் பதறுவார்கள். அது ஆண் ஈ அறை. இந்தியத் தேனீயில் ஆண் அறை மூடியில் அப்படித்தான் துளை இருக்கும். மூடிகள் பக்கம் பக்கமாக ஒழுங்காக இருந்தால் ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது இது: வேலைக்கார ஈ அறை மூடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடித்துத் திறக்கப்பட்டு, உள்ளே புழு நெட்டுக்குத்தாக நீண்டு, தலை மேல்நோக்கி நிமிர்ந்து செத்திருக்கும். ஒரு குச்சியால் மெல்ல வெளியே இழுத்தால் பிய்யாமல் முழுதாக வரும், தோலுக்கு உள்ளே தண்ணீர் தேங்கிய சிறு பை. பெரிதாக நாற்றம் இல்லை. இதுதான் தாய் சாக்புரூட், வைரஸ் நோய். 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவுக்குள் வந்து, இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழித்துவிட்டது. குமரியில் பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் காலிப் பெட்டியை விறகாக்கிய காலம் அது. இன்றைக்கு அதே ஊர்களில் ஈ இருக்கிறதென்றால், அந்த அலையைத் தாங்கி நின்ற கூட்டங்களின் வாரிசுகள் இவை.

இதே இடத்தில் குழம்புவது ஐரோப்பியப் புழு அழுகல் நோய். அதில் புழு மூடுவதற்கு முன்பே, இளசாக, சுருண்ட நிலையிலேயே செத்து, மஞ்சளாகிப் பழுப்பாகும், புளித்த வாடை வரும். அது பாக்டீரியா. நீண்டு நிமிர்ந்தது சாக்புரூட், சுருண்டு புளித்தது இது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சாக்புரூட்டுக்கு மருந்து இல்லை. மஞ்சள் தண்ணீர், அது இது என்று விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். உதவுவது நடைமுறைதான். நோய்ப்பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டியில் வைக்காதீர்கள், கத்தியும் கையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள், அதன் தேனை மற்றவற்றுக்கு ஊட்டாதீர்கள். ராணியைச் சுமார் இரண்டு வாரம் கூண்டில் அடைத்து வைத்தால் புதுப் புழு இல்லாமல் வைரஸின் சங்கிலி அறுபடும், அதற்குள் ஈக்கள் செத்ததை எல்லாம் இழுத்துப் போட்டுவிடும். அதன்பின் நோயே வராத கூட்டத்திலிருந்து புது ராணி கொடுங்கள். பாகு நிறுத்தாதீர்கள். நோய் வந்த வேளையில் கூட்டத்தைப் பிரித்துப் பெட்டி எண்ணிக்கை கூட்டும் ஆசை வேண்டவே வேண்டாம்.

உண்ணி பற்றியும் கேட்பார்கள். வர்ரோவா உண்ணி இந்தியத் தேனீயோடு காலங்காலமாக வாழ்வது. நம் ஈ அதைக் கடித்து உதறும், பெரும்பாலும் ஆண் புழுவில் மட்டும்தான் அது பெருகும். இத்தாலிய ஈ வைத்திருப்பவர்களுக்கு அது உயிர்க்கொல்லி, அவர்கள் விடாமல் கண்காணிக்க வேண்டும்.

அடையில் சிலந்தி வலை போல நூல், கீழே துருவல்

மெழுகு அந்து. அதன் புழு அடைக்குள் சுரங்கம் போட்டு, பட்டு நூலால் மூடிக்கொண்டு போகும். ஈ மொய்த்து நிற்கும் அடையில் இது வராது, ஆளில்லாத அடையில்தான் வரும். எனவே அந்துதான் கூட்டத்தை அழித்தது என்பது பாதி உண்மை. கூட்டம் ஏற்கெனவே மெலிந்திருந்தது, ஏன் என்று மேலே தேடுங்கள். கறுத்த பழைய அடைகளை வெட்டி எடுத்து உருக்குங்கள். ஈயின் எண்ணிக்கைக்கு ஏற்ற சட்டங்களை மட்டும் விடுங்கள். அடிப்பலகையை வாரம் ஒருமுறை சுரண்டித் துடைத்து, விரிசலை அடையுங்கள். அந்து முட்டையிடுவது அந்த விரிசலில்தான். இந்தியத் தேனீ தானே பழைய அடையைக் கடித்துத் துருவலாகக் கொட்டும், அதனால் துருவல் மட்டும் இருந்து நூல் இல்லை என்றால் பதற வேண்டாம்.

ஒரே குழியில் இரண்டு மூன்று முட்டை

ராணி இல்லை. வேலைக்கார ஈக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன, அவற்றிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். ராணியின் முட்டை குழியின் அடிநடுவில் ஒன்று நேராக நிற்கும். இது சுவரில் ஒட்டி, கோணலாக இருக்கும். சீக்கிரம் கவனித்தால் வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்று கொடுங்கள், ராணி வளர்த்துக்கொள்ளும். நாளாகிவிட்டால் ராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுவதே மேல். நடுவில் ஊசியால் சில துளை போட்ட செய்தித்தாளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் வாடை கலந்து சண்டையில்லாமல் ஒன்றாகிவிடும்.

வாசலில் கொத்தாகத் தொங்குகிறது, அல்லது சண்டை

சித்திரை வெயிலில் கொத்தாகத் தொங்கினால் உள்ளே புழுக்கம். நிழல், பக்கத்தில் தண்ணீர், போதும். வாசலில் ஈ வெளிப்பக்கம் தலை காட்டிச் சிறகடித்தால் அது நம் ஈயின் வழக்கம், காற்றை உள்ளே தள்ளுகிறது. ஈயோடு ஈ கட்டிப்பிடித்து உருண்டால் திருட்டு. வாசலை ஓர் ஈ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். பகலில் பாகு வைத்ததும் சிந்தியதும்தான் திருடனைக் கூப்பிடும்.

கதண்டு என்னும் பெரிய குளவி வாசலில் வந்து ஈயைத் தூக்கினாலும் அதே வைத்தியம். அதன் கூடு பக்கத்தில் இருந்தால் நீங்களே தீ வைக்கப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பஞ்சுருட்டான், கரிச்சான் பறவைகளைக் கல்லெறிந்து விரட்டுவது வீண். நல்ல கூட்டத்துக்கு அவை தின்பது கணக்கே இல்லை.

சன்ஷேடில், தண்ணீர்த் தொட்டியில் பெரிய அடை

இது வளர்ப்பு ஈ அல்ல, மலைத்தேனீ. திறந்தவெளியில் ஒரே ஓர் அடை, ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். ஏலத்துக்கும் காப்பிக்கும் காட்டு மரங்களுக்கும் மகரந்தம் சுமப்பதில் இதற்குப் பெரிய பங்கு. பெட்டியில் அடைக்க முடியாது, வாங்கவும் முடியாது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் ஈ, பூ முடிந்ததும் தானே கிளம்பிவிடும், காலி அடைதான் மிஞ்சும். ஆள் நடமாட்டத்திலிருந்து தள்ளி உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். இரவில் பந்தம் கட்டி எரிப்பது ஒரு கூட்டத்தையே கொல்வது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல் என்றால் மட்டும் அனுபவமுள்ள தேன் எடுப்பவரைக் கூப்பிடுங்கள்.

அடை இல்லாமல் வெறும் ஈக்கொத்து மட்டும் தொங்கினால் வழியில் இளைப்பாறுகிறது, பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். சுவர் ஓட்டையில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டு கொசு அளவில் ஈ வந்து போனால் அது கொசுத்தேனீ, கொட்டவே கொட்டாது. சிமென்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

மலைத்தேனீ கலைந்து துரத்தினால் கையை வீசாமல் ஓடி, கதவுள்ள அறைக்குள் போங்கள். தண்ணீரில் குதித்தால் தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். கொட்டிய முள்ளை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், அதிலிருந்து வரும் வாழைப்பழ வாடைதான் மற்ற ஈக்களைக் கூப்பிடுகிறது. பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இறுகினாலோ, உதடு வீங்கினாலோ, சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.